மௌனம் சம்மதம் ஆகாது

(கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கும் பிற பாட ஆசிரியர்களுக்கும் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் முதுகலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேகக் கணிமையில் அனுமதி எப்படி முடிவாகிறது என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இருக்கும் தமிழாசிரியர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும், "இது நமக்கு இல்லை" என்று நினைத்திருக்கலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். ஏனென்றால் மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், சான்றிதழ், வங்கிக் கணக்கு எண் என்று நம் கையில் இருப்பவை எல்லாம் இன்று ஏதோ ஒரு மேகத்தில்தான் இருக்கின்றன. அவற்றை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்பதை ஒரு நிரல் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத் தெரியாமல் இருந்ததால் ஒரு மாணவிக்கு நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

17-ஐ 18 ஆக்கிய மாணவன்

2021-22 கல்வியாண்டு. எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கென்று அமேசான் மேகச் சேவையில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். நிர்வாகப் பொறுப்பு என்னுடையது. ஆண்டு விழாப் படங்களை ஊரார் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஒரு சேமிப்பிடம் உருவாக்கினேன். அங்கே அதற்குப் பக்கெட் என்று பெயர். பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று அதில் இருந்தது. அதை எடுத்தபோது திரையில் எச்சரிக்கை வந்தது. "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு நகர்ந்தேன். பிறகு, "இந்தப் பக்கெட்டில் உள்ள எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று ஓர் அனுமதிக் கொள்கை எழுதினேன். படங்கள் இருந்த கோப்புறையை மட்டும் குறிப்பிட்டிருக்க வேண்டும். சோம்பலில், எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் போட்டேன். அன்றைக்கு அதில் படங்கள் மட்டும்தான் இருந்தன. எந்தக் கெடுதலும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, கல்வி உதவித்தொகைக்கான சான்றிதழ்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டி வந்தது. அதே பக்கெட்டில் புதிதாக ஒரு கோப்புறை திறந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில் ஏறின. இந்த முறை கவனமாகத்தான் இருந்தேன். வகுப்பாசிரியர்கள் இருவருக்கு மட்டும் அந்தக் கோப்புறையைப் படிக்க அனுமதி எழுதினேன். வேறு யாருக்கும் எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு அனுமதி இல்லைதானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு மாணவனிடம், அவன் ஏற்றிய சான்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி இணைப்பை அனுப்பியிருந்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான். "சார், இணைப்புல கடைசியா 17னு இருந்துச்சு. சும்மா 18னு மாத்திப் பார்த்தேன். திறந்துடுச்சு. தப்பா சார்?"

18 ஒரு மாணவியின் வரிசை எண். தன் குடும்பத்தைப் பற்றி வகுப்பில் எவரிடமும் அவள் சொல்லாத ஒரு செய்தி அந்தச் சான்றில் இருந்தது. அது என்ன என்பதை இந்த மேடையிலும் நான் சொல்லப் போவதில்லை.

அந்த நிமிடமே பூட்டைத் திரும்பப் போட்டேன். அந்த மாணவனைத் திட்டவில்லை. அவன் வந்து சொன்னதால்தான் எனக்கே தெரிந்தது. பிறகு அந்த மாணவியை, வகுப்பாசிரியை உடனிருக்க, அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேற யார் யார் பார்த்தாங்கன்னு தெரியுமா சார்?"

தெரியாது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்ற பதிவேடு அந்தச் சேவையில் தானாக எழுதப்படுவதில்லை. நாம்தான் அதை முடுக்கிவிட வேண்டும். நான் முடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் விடை இல்லை.

கோரிக்கை என்பது நான்கு கேள்விகள்

அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கை ஒழுங்காகப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒருவர் மேகத்தில் உள்ள ஒரு கோப்பைத் திறக்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவைக்கு அது ஒரு கோரிக்கை. அதில் நான்கு செய்திகள் இருக்கும். கேட்பவர் யார்? என்ன செய்யக் கேட்கிறார், படிக்கவா, எழுதவா, அழிக்கவா? எந்தப் பொருளின் மீது? எந்தச் சூழலில், அதாவது எந்த இணைய முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முடித்துவிட்டு வந்தாரா?

அனுமதிக் கொள்கையும் இதே வடிவத்தில்தான் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கூற்றிலும் விளைவு, செயல், வளம், தேவைப்பட்டால் நிபந்தனை இருக்கும். விளைவு என்ற இடத்தில் இரண்டே சொற்களுக்குத்தான் இடம்: "அனுமதி" அல்லது "மறுப்பு". சில கொள்கைகளை ஆளோடு இணைக்கிறோம்: "இந்த ஆசிரியர் இன்னின்ன செய்யலாம்." சிலவற்றைப் பொருளோடு இணைக்கிறோம்: "இந்தப் பக்கெட்டை இன்னின்னார் தொடலாம்." ஆளுடைய கையில் ஓர் ஆணை, பொருளுடைய கதவில் ஒரு பலகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் விழுந்த பள்ளம் இங்கேதான்.

நிபந்தனைகளில் ஒரு சிறு இலக்கணம் உண்டு. ஒரே நிபந்தனைக்குப் பல மதிப்புகள் கொடுத்தால் அவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். வெவ்வேறு நிபந்தனைகளை அடுக்கினால் எல்லாமே பொருந்த வேண்டும். "தலைமையாசிரியர் அறை முகவரி அல்லது அலுவலக முகவரி" என்பது முதல் வகை. "பள்ளி முகவரியிலிருந்தும் வர வேண்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் முடித்திருக்க வேண்டும்" என்பது இரண்டாம் வகை. தமிழாசிரியர்களுக்கு இது எளிது. "அல்லது" என்பதற்கும் எண்ணும்மைக்கும் உள்ள வேறுபாடுதான்.

மூன்று நிலைகள்: அனுமதி, மறுப்பு, மௌனம்

இப்போது மையமான விதிக்கு வருவோம். அமேசானின் முறையில் அது மூன்று வரிகளில் அடங்கும்.

ஒன்று: யாரும் எதுவும் எழுதாதவரை விடை "இல்லை".
இரண்டு: எங்காவது ஓரிடத்தில் பொருந்தும் அனுமதி இருந்தால் அந்த "இல்லை", "ஆம்" ஆக மாறும்.
மூன்று: எங்காவது ஓரிடத்தில் வெளிப்படையான மறுப்பு பொருந்தினால், எத்தனை அனுமதிகள் இருந்தாலும் விடை "இல்லை"தான்.

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று நம் ஊரில் சொல்வோம். மேகக் கணிமையில் அது அப்படியே தலைகீழ். மௌனம் என்றால் மறுப்பு. ஆனால் இந்த மௌன மறுப்புக்கும், வாய்விட்டுச் சொன்ன மறுப்புக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மௌன மறுப்பை ஓர் அனுமதி வந்து மாற்றிவிடலாம். வெளிப்படை மறுப்பை எந்த அனுமதியும் மாற்ற முடியாது. முதலாவது வெற்றுப் பலகை. யார் வேண்டுமானாலும் பின்னால் வந்து எழுதலாம். இரண்டாவது கல்வெட்டு.

இப்போது என் தவறு உங்களுக்கே விளங்கியிருக்கும். இரண்டு ஆசிரியர்களுக்கு மட்டும் அனுமதி எழுதினேன். மற்றவர்களுக்கு மௌனம். அந்த மௌனத்தை மறுப்பு என்று நம்பினேன். ஆனால் நான்கு மாதம் முன்பு கதவில் நான் மாட்டிய பலகையில் "யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று இருந்தது. உள்நுழையாமல் வரும் அந்நியருக்குக் கையில் ஆணை எதுவும் கிடையாது. ஆகவே நிரல் கதவுப் பலகையை மட்டும் படிக்கிறது. பலகை "ஆம்" என்றது. கதவு திறந்தது. நிரல் பிழை செய்யவில்லை. நான் நினைத்ததை அது படிக்கவில்லை, எழுதியதைப் படித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொள்கையில் கூற்றுகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பது பொருட்டே இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் செல்லும் என்று நாம் பேச்சு வழக்கில் நினைப்போம். இங்கே பொருந்தும் எல்லாக் கொள்கைகளும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. என் புதிய அனுமதி பழைய அனுமதியை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் இப்படி வைத்தார்கள்?

இந்த விதி நேற்று வந்ததல்ல. 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள், கணினியில் உள்ள தகவலைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் அது படிக்கப்படுகிறது. யாரை விலக்க வேண்டும் என்று பட்டியல் போடாமல், யாரை அனுமதிக்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள் என்பது அதில் ஒரு கொள்கை. ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதியே போதும் என்பது இன்னொன்று.

முதல் கொள்கைக்கு அவர்கள் சொன்ன காரணம் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். அனுமதிப் பட்டியலில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் அவர் உடனே வந்து, "எனக்குத் திறக்கவில்லை" என்று கேட்பார். பிழை அன்றைக்கே தெரிந்துவிடும். விலக்கும் பட்டியலில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் அவர் வந்து சொல்ல மாட்டார். பிழை தெரியாமலே கிடக்கும். வருகைப் பதிவில் ஒரு மாணவனின் பெயரை விட்டுவிட்டால் அவன் எழுந்து நிற்கிறான். வராதவனுக்கு வருகை போட்டுவிட்டால் யார் எழுந்து நிற்பார்கள்?

என் கோப்புறையும் அப்படித்தான் கிடந்தது. அந்த மாணவன் எண்ணை மாற்றிப் பார்த்திருக்காவிட்டால், பார்த்தும் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பிழை எழுந்து நின்றிருக்காது.

மேல் வரம்புகள்

பெரிய நிறுவனங்களில் ஒரே கணக்கு இருக்காது, நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறுவன அளவில் ஒரு வரம்பு வைப்பார்கள். தனி ஆளுக்கும் ஒரு வரம்பு வைக்கலாம். இந்த வரம்புகளின் இயல்பு வேறு. இவை யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. கொடுக்கக்கூடியவற்றின் எல்லையை மட்டும் குறிக்கின்றன. வேலி போட்டுவிட்டால் நிலம் சொந்தமாகிவிடாது அல்லவா? அதுபோல.

கணித ஆசிரியர்கள் இதைக் கணங்களாகவே நடத்திவிடலாம். ஓர் ஆசிரியரின் கொள்கை அவருக்குப் படித்தல், எழுதுதல், அழித்தல் என்ற மூன்றையும் கொடுக்கிறது. அவருக்கு வைத்த தனி வரம்பில் படித்தல், எழுதுதல் இரண்டும் உள்ளன. நிறுவன வரம்பில் படித்தல், அழித்தல் இரண்டும் உள்ளன. அவரால் என்ன செய்ய முடியும்? மூன்று கணங்களின் வெட்டு: படித்தல் மட்டும். வரம்புகள் வெட்டுக் கணமாக வேலை செய்கின்றன. ஒரே கணக்குக்குள் ஆளின் கொள்கையும் பொருளின் கொள்கையும் பெரும்பாலும் சேர்ப்புக் கணமாக வேலை செய்கின்றன. இரண்டில் ஒன்று "ஆம்" என்றாலே போதும். வெளிப்படை மறுப்புகளை இறுதியில் கழித்துவிட வேண்டும்.

ஒரு கணக்கில் உள்ளவர் இன்னொரு கணக்கில் உள்ள பொருளைக் கேட்டால் விதி மாறுகிறது. அங்கே இரு பக்கமும் "ஆம்" சொல்ல வேண்டும். நம் மாணவி வேறு பள்ளியில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்குப் போக, நம் தலைமையாசிரியரும் அனுப்ப வேண்டும், அந்தப் பள்ளியும் ஏற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் போதாது.

எல்லா நிறுவனங்களின் மேகமும் ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் கிளவுட்டில் நிறுவனம், அதற்குள் கோப்புறை, அதற்குள் திட்டம், அதற்குள் வளம் என்று படிநிலை உண்டு. மேலே கொடுத்த அனுமதி கீழே இறங்கி வரும். கீழே எழுதும் அனுமதிப் பட்டியலால் அதைக் குறைக்க முடியாது. ஆகவே, "இங்கே நான் யாருக்கும் கொடுக்கவில்லையே" என்று கீழ்த்தட்டை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. மேல்தட்டையும் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு மிகையானபோது

என் கதையில் இரண்டாம் பாகம் உண்டு. முதல் பாகம் திறந்து வைத்த தவறு. இரண்டாம் பாகம் மூடி வைத்த தவறு.

சூடுபட்ட பூனை ஆனேன். சான்றிதழ்களைத் தனிப் பக்கெட்டுக்கு மாற்றினேன்; பூட்டையும் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிப்படை மறுப்பின் வலிமையைப் படித்திருந்தேன் அல்லவா? "பள்ளியின் இணைய முகவரியிலிருந்து வராத எந்தக் கோரிக்கையையும், யார் கேட்டாலும், எந்தச் செயலானாலும் மறுத்துவிடு" என்று ஒரு கூற்று எழுதினேன். சோதித்தேன். பள்ளியில் திறந்தது, வீட்டில் திறக்கவில்லை. மகிழ்ச்சி.

இரண்டு நாள் கழித்து மின்வெட்டு. மின்சாரம் வந்ததும் பள்ளியின் மோடம் மறுபடி இயங்கியது. இணையச் சேவை அதற்குப் புதிய முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டது. பள்ளியே இப்போது பள்ளி இல்லை. வகுப்பாசிரியர்களுக்குத் திறக்கவில்லை. நிர்வாகியான எனக்கும் திறக்கவில்லை. அந்தக் கூற்றை நீக்கலாம் என்றால், நீக்குவதும் ஒரு செயல்தானே? எந்தச் செயலானாலும் மறுத்துவிடு என்று நானே எழுதியிருக்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. 43 மாணவர்களின் சான்றுகள் உள்ளே.

கணக்கைத் திறந்தவருடைய மூலப் பயனர் என்ற அடையாளத்துக்கு மட்டும் இப்படிப் பூட்டிக்கொண்ட பக்கெட் கொள்கையை நீக்கும் வழி வைத்திருக்கிறார்கள். அது முன்னாள் மாணவரிடம் இருந்தது. அவர் இருந்த நாட்டில் அப்போது நள்ளிரவு. எழுப்பினேன். நீக்கிக் கொடுத்துவிட்டு, "சார், பிளஸ் டூல நீங்கதான் எனக்கு பூலியன் இயற்கணிதம் நடத்துனீங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் கழித்து.

வெளிப்படை மறுப்பு கல்வெட்டு என்று சொன்னேன். கல்வெட்டில் வெட்டும் முன், அது வெட்டுபவருக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உலகறிந்த ஒரு நிகழ்வு

நம் பள்ளி அளவில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலையில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி ஒரு தகவல் கசிவை அறிவித்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்கள். வெளியிலிருந்து வரும் தாக்குதலை வடிகட்டும் தடுப்புச்சுவர் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக உள்ளே வந்தவருக்கு அந்தத் தடுப்புச்சுவரின் அனுமதிகள் கிடைத்தன. அந்த அனுமதிகளுக்குள், பக்கெட்டுகளைப் பட்டியலிடுவதும் படிப்பதும் அடங்கியிருந்தன.

இங்கே நம் பாடத்துக்குத் தேவையான இடம் இதுதான். தடுப்புச்சுவரின் வேலை வடிகட்டுவது. கடன் அட்டை விண்ணப்பங்கள் அடங்கிய பக்கெட்டுகளை அது படிக்க வேண்டிய தேவை என்ன? அனுமதியைக் கணக்கிட்ட நிரல் தன் விதிப்படியே "ஆம்" என்றது. ஏனென்றால் அனுமதி எழுதப்பட்டிருந்தது. மிகக் குறைந்த அனுமதி என்று 1975-இல் சொன்னது இதைத்தான். 2020-இல் வங்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

பொதுப்பார்வையைத் தடுக்கும் பூட்டை அமேசான் 2018-இல் கொண்டுவந்தது. 2023 ஏப்ரல் முதல் புதிதாக உருவாக்கும் எல்லாப் பக்கெட்டுகளிலும் அது தானாகவே போடப்பட்டிருக்கிறது. என்னைப் போல் எச்சரிக்கையைப் படிக்காமல் குறி போடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிகிறது.

வகுப்பறைக்கு ஒரு விளையாட்டு

இதைக் கணினி இல்லாமலே வகுப்பில் நடத்தலாம். "வாயிற்காப்போன்" என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மூன்று அட்டைகள் போதும்.

முதல் அட்டை: நூலகப் பொறுப்பு மாணவர்கள் எந்த நூலையும் எடுக்கலாம்.
இரண்டாம் அட்டை: ஏழாம் வகுப்பு மாணவர்கள் கதை நூல்களை எடுக்கலாம்.
மூன்றாம் அட்டை: அகராதிகளை எவரும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

ஒரு மாணவி வாயிற்காப்போன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவன் கதை நூல் கேட்கிறான்: ஆம். நூலகப் பொறுப்பு மாணவி அகராதி கேட்கிறாள்: முதல் அட்டை "ஆம்" என்கிறது, மூன்றாம் அட்டை "கூடாது" என்கிறது, விடை இல்லை. பொறுப்பு எதுவும் இல்லாத எட்டாம் வகுப்பு மாணவன் கதை நூல் கேட்கிறான்: எந்த அட்டையிலும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, விடை இல்லை.

இப்போது வாயிற்காப்போனிடம் கேளுங்கள்: "இரண்டு பேருக்கும் இல்லை என்றாயே, இரண்டும் ஒரே 'இல்லை'யா?" வகுப்பு கொஞ்சம் யோசிக்கும். பிறகு நான்காவது அட்டை ஒன்றைப் போடுங்கள்: "பள்ளியில் உள்ள எல்லோரும் எந்த நூலையும் எடுக்கலாம்." எட்டாம் வகுப்பு மாணவனுக்கு "ஆம்" ஆகிவிடும். அகராதி கேட்டவளுக்கு அப்போதும் "இல்லை"தான். என் பள்ளியில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் இதை ஒரே பாடவேளையில் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் நான்கு மாதம் ஆயிற்று.

பதினொன்றாம் வகுப்புக்கு இதையே மெய் அட்டவணையாகக் கொடுக்கலாம். ஓர் உள்ளீடு அனுமதி, மற்றொன்று மறுப்பு. நான்கு வரிசைகளில் ஒரே ஒரு வரிசைக்குத்தான் விடை 1 வரும்: அனுமதி 1, மறுப்பு 0. புத்தகத்தில் வெறும் குறிகளாக இருக்கும் அட்டவணை, யாரோ ஒருவருடைய சான்றிதழைக் காப்பது என்று தெரியும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நாளை காலை செய்யக்கூடியவை

மேகக் கணக்கை நிர்வகிக்காத ஆசிரியர்களும் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, எல்லோரும் பார்ப்பதையும் சிலர் மட்டும் பார்ப்பதையும் ஒரே கோப்புறையில் வைக்காதீர்கள். பழைய அனுமதி புதிய கோப்பையும் பிடித்துக்கொள்ளும். விழாப் படங்களுக்கு ஓரிடம். மதிப்பெண் பட்டியலுக்கு வேறிடம்.

இரண்டாவது, "இணைப்பு உள்ள எவரும்" என்ற தேர்வைப் பாருங்கள். நாம் பகிரும் மதிப்பெண் தாள்களில் அது இருக்கிறதா? இணைப்பு ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஆளுக்கொரு பயனர் பெயர். பலர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், "கேட்பவர் யார்" என்ற முதல் கேள்வியே பொருளற்றுப் போகிறது. கணினித் திரையின் ஓரத்தில் கடவுச்சொல்லை ஒட்டி வைத்திருக்கும் அலுவலகங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, அந்நியராக நின்று பாருங்கள். கொடுத்தவருக்குத் திறக்கிறதா என்று மட்டும் நாம் சோதிக்கிறோம். கொடுக்காதவருக்குத் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உலாவியில் உள்நுழையாத ஒரு சாளரத்தில் அந்த இணைப்பை ஒட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலை. அதை நான் அன்று செய்திருந்தால் இந்த உரைக்கே தேவை இருந்திருக்காது.

ஐந்தாவது, கல்வியாண்டு முடிவில் இருப்புப் பதிவேடு சரிபார்ப்பதுபோல் அனுமதிப் பட்டியலையும் சரிபாருங்கள். மாறுதலில் போனவர், ஓய்வு பெற்றவர், ஒரு வாரத்துக்கு மட்டும் வந்து உதவியவர் எல்லாம் பட்டியலில் அப்படியே இருப்பார்கள். எவருக்கும் தொல்லை தராததால் எவரும் கேட்பதில்லை. பதிவேடு எழுதும் வசதி இருந்தால் முதல் நாளே முடுக்கிவிடுங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைக்கிறது. மேகத்தில் உள்ள நிரலுக்கு மௌனம் சம்மதம் இல்லை. சட்டத்துக்கும் இல்லை. பிள்ளைகள் பேசாமல் சான்றிதழை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அந்த மௌனத்தையும் நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகை கிடைத்தது. எண்ணை மாற்றிப் பார்த்த மாணவன் அதைப் பற்றி இன்று வரை எவரிடமும் வாய் திறக்கவில்லை என்று அவளே ஒருமுறை சொன்னாள். எந்தக் கொள்கையிலும் எழுதாத மறுப்பு அது, அவனாகவே எழுதிக்கொண்டது. எல்லா இடத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பான் என்று நம்பி நாம் கதவைத் திறந்து வைக்க முடியாது.

இந்த உரை முடிந்ததும் தேநீர் இடைவேளை. உங்கள் கைப்பேசியில் கடைசியாகப் பகிர்ந்த மதிப்பெண் தாளைத் திறந்து, அதை யார் யார் பார்க்கலாம் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தேநீருக்கு வாருங்கள்.